இன்னொருவர் படிவத்தில் ஒரு நிபந்தனை

வட கரோலினாவின் ராலே நகரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். மதியச் சாப்பாட்டு மேசையில் யார் யார் எங்கே படித்தார்கள் என்று பேச்சு வந்தது. எங்கள் டீமில் ஒரு மூத்தவர் உண்டு. நெட்வொர்க்கில் எந்தப் பிரச்சினை என்றாலும் கடைசியில் அவர் மேசைக்குத்தான் போய் நிற்போம். கறுப்பினத்தவர், ஐம்பது வயது இருக்கும். அவர் “ஏ அண்ட் டி” என்றார். டெக்சாஸில் இருக்கிற ஏ அண்ட் எம்-தானே என்று கேட்டுவிட்டேன்.

“எம் இல்லப்பா, டி. இங்கேருந்து கார்ல ஒன்றே கால் மணி நேரம். நீ வந்து ஒரு மாசம்தானே ஆச்சு, மன்னிச்சிட்டேன்” என்று சிரித்தார். (அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் மண்டைக்குள் அவர் எப்போதும் தமிழில்தான் பேசுகிறார்.) மேசையிலிருந்த மற்ற மூன்று பேரும் என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அந்த வளாகம் எங்கள் ஆபீசிலிருந்து பத்து நிமிடம்.

அன்று ராத்திரி தேடிப் பார்த்தேன். வட கரோலினா வேளாண் தொழில்நுட்ப மாநிலப் பல்கலைக்கழகம், கிரீன்ஸ்பரோ. அமெரிக்காவில் வேறெந்தக் கல்லூரியையும்விட அதிகமான கறுப்பினப் பொறியாளர்களை உருவாக்குவது அதுதான். இன்னொன்றும் தெரிந்தது. அவர் படித்த கல்லூரியும் மற்ற மூவர் படித்த கல்லூரியும் ஒரே குடும்பத்துப் பெயரைத் தாங்கியவை. இரண்டுமே ‘லேண்ட் கிராண்ட்’, அதாவது நிலக்கொடைக் கல்லூரிகள். ஒரே மாநிலத்தில் ஏன் இரண்டு? அதில் ஒன்றின் பெயர் ஏன் எனக்குத் தெரிந்திருந்தது, இன்னொன்று ஏன் தெரியவில்லை? இதைத் தோண்டப் போய்த்தான் பல மாத வார இறுதிகள் காணாமல் போயின.

1862 ஜூலையில், உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வெர்மாண்ட் மாநிலத்து ஜஸ்டின் மோரில் கொண்டுவந்த சட்டம், அதனால் மோரில் சட்டம். ஒரு மாநிலத்துக்கு காங்கிரஸின் இரு அவைகளிலும் எத்தனை உறுப்பினர்களோ, தலைக்கு 30,000 ஏக்கர் பொதுநிலம் கொடுக்கப்படும். அதை விற்று வரும் பணத்தில் விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி நடத்த வேண்டும். லத்தீனும் இறையியலும் படிக்கப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இடங்கள் இருந்தன. இது விவசாயி மகனுக்கும் மெக்கானிக் மகனுக்கும். கார்னெல், எம்.ஐ.டி. எல்லாம் இந்தப் பணத்தில் பங்கு வாங்கியவைதான். உலகத்தின் நல்ல கல்விச் சட்டங்களைப் பட்டியல் போட்டால் இதை முதல் ஐந்தில் வைப்பேன்.

‘பொதுநிலம்’ என்ற சொல்லில் மட்டும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஹை கண்ட்ரி நியூஸ் இதழ் 2020இல் அந்த நிலங்களைத் துண்டு துண்டாக ஆவணங்களில் தேடி ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டது. ஏறத்தாழ 1.07 கோடி ஏக்கர், கிட்டத்தட்ட 250 பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. ஒப்பந்தம் போட்டு, மிரட்டி, சில இடங்களில் எதுவுமே கொடுக்காமல். அந்தப் பூர்வகுடிகள் நடத்தும் கல்லூரிகளுக்கு நிலக்கொடைக் கல்லூரி என்ற தகுதி கிடைத்த வருடம் 1994. தங்கள் நிலத்தில் தொடங்கிய திட்டத்துக்குள் அவர்கள் நுழைய 132 வருடம் ஆனது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம், விட்டுவிடுகிறேன்.

போர் முடிந்து தென் மாநிலங்களும் நிலக்கொடை வாங்கின. மிசிசிப்பியில் ஆல்கார்ன், வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் என்று ஓரிரு கறுப்பினக் கல்லூரிகளுக்குப் பங்கு போனது. பெரும்பாலான இடங்களில் வெள்ளையர் கல்லூரிகளே எடுத்துக்கொண்டன. 1890 ஆகஸ்டில் அதே மோரில், எண்பது வயதில், இரண்டாவது சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். இம்முறை நிலம் கிடையாது, ரொக்கம். முதல் வருடம் மாநிலத்துக்கு 15,000 டாலர், பிறகு வருடத்துக்கு ஆயிரம் ஏற்றி 25,000 வரை. கூடவே ஒரு நிபந்தனை: மாணவர் சேர்க்கையில் இனப் பாகுபாடு காட்டும் கல்லூரிக்கு இந்தப் பணம் கிடையாது.

இதோடு சட்டம் முடிந்திருந்தால் அமெரிக்க வரலாறே வேறு மாதிரி போயிருக்கலாம். அடுத்த வரியிலேயே ஒரு ‘ஆனால்’. கறுப்பின மாணவர்களுக்குத் தனிக் கல்லூரி ஒன்றை மாநிலம் நடத்தி, பணத்தை இரண்டுக்கும் ‘ஈக்விடபிள்’ ஆகப் பிரித்துக் கொடுத்தால், நிபந்தனை நிறைவேறியதாகக் கொள்ளப்படும். சட்டத்தில் ‘ஈக்வல்’ என்று இல்லை. சமம் என்றால் எண்ணிப் பார்க்கலாம், கணக்குக் கேட்கலாம். நியாயமான பங்கு என்றால் அது எவ்வளவு என்பதை மாநிலச் சட்டமன்றம் உட்கார்ந்து முடிவுசெய்யும். அந்தச் சட்டமன்றத்தில் யார் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘பிரித்துவை, ஆனால் சமமாக வை’ என்று உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பளித்தது 1896இல். கல்விப் பணத்தில் அந்த ஏற்பாடு அதற்கு ஆறு வருடம் முன்பே, இன்னும் தளர்வான வார்த்தையில், வந்துவிட்டிருந்தது.

வட கரோலினாவில் என்ன நடந்தது? என்.சி. ஸ்டேட் அப்போது ராலேயில் புதிதாகத் திறந்திருந்த வெள்ளையர் கல்லூரி. புதுப் பணம் வேண்டும். கறுப்பினத்தவருக்குக் கல்லூரி இல்லாமல் பணம் வராது. உடனே அதே ஊரில் இருந்த ஷா பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியில் கறுப்பின மாணவர்களுக்கு வகுப்பு தொடங்கப்பட்டது. 1891 மார்ச்சில் சட்டமன்றம் முறைப்படி ஒரு கல்லூரியை உருவாக்கியது. ‘நிறத்தினருக்கான வேளாண், இயந்திரத் தொழில் கல்லூரி’ என்று பெயர். கிரீன்ஸ்பரோ நகரத்து மக்கள் 14 ஏக்கர் நிலமும் 11,000 டாலரும் கொடுத்தார்கள். சட்டமன்றம் தன் பங்காகக் கொடுத்தது 2,500 டாலர். 1893இல் கல்லூரி அங்கே குடியேறியது.

எனக்கு இந்த இடம் திரும்பத் திரும்ப உறுத்துகிறது. இத்தனை மேதைகளை உருவாக்கிய கல்லூரி, பிறந்தபோது இன்னொரு கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தில் ‘டிக்’ அடிக்க வேண்டிய ஒரு கட்டம். அதே சட்டத்தின் கீழ் தென் மாநிலங்களிலும் அவற்றை ஒட்டிய மாநிலங்களிலும் வந்த மற்ற கல்லூரிகளும் ஏறக்குறைய இப்படித்தான். கட்டத்தை டிக் அடித்தாகிவிட்டது, பணம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அலபாமாவில் டஸ்கீகீ. 1896இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். வேர்க்கடலை விஞ்ஞானி என்று நம் பள்ளிப் புத்தகங்கள் வரைக்கும் வந்தவர். 1887இன் ஹாட்ச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் விவசாய ஆராய்ச்சி நிலையம் நடத்த வருடத்துக்கு 15,000 டாலர் ஒன்றிய அரசிடமிருந்து வந்தது. அலபாமாவில் அது ஆபர்னில் இருந்த வெள்ளையர் கல்லூரிக்குப் போனது. 1897இல் மாநிலம் டஸ்கீகீயிலும் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்கச் சட்டம் போட்டது. வருடத்துக்கு 1,500 டாலர். ஒரு பூஜ்யம்தான் குறைவு.

கார்வர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பைமேடுகளில் பாட்டிலும் பழைய சட்டியும் பொறுக்கி ஆய்வகம் அமைத்த கதை எல்லோருக்கும் பிடித்தமானது. எனக்கும் சின்ன வயதில் பிடித்திருந்தது. இப்போது அதைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. குப்பையில் லேப் கட்டியவரின் பெருமையைப் பேசப் பேச, வராமல் போன 13,500 டாலரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இல்லாமையைச் சமாளித்தவனைக் கொண்டாடுவது, இல்லாமல் ஆக்கியவனுக்கு ரொம்ப வசதி.

இந்த எரிச்சலுக்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. நான் படித்த கல்லூரியில், பெயர் வேண்டாம், ஏதோ நவீனமயத் திட்டத்தில் வந்த ஆறு டிஜிட்டல் ஆஸிலாஸ்கோப் இருந்தது. நாலு வருடத்தில் அதை நான் தொட்டது இரண்டு முறை. இரண்டு முறையும் ஆய்வுக் குழு வந்த நாள். மற்ற நாட்களில் பீரோவுக்குள், கவர் பிரிக்காமல். “உடைஞ்சா யாரு பதில் சொல்றது?” என்பார் லேப் அண்ணன். அவர் மேல் தப்பில்லை. கருவி வாங்கத்தான் பணம் வந்தது, ரிப்பேருக்கு வரவில்லை. மானியம் என்பது வந்து சேர்ந்த தொகை மட்டும் இல்லை, எதற்குச் செலவழிக்கலாம் என்ற வரியும் சேர்ந்ததுதான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அந்த பீரோதான் புரியவைத்திருக்க வேண்டும்.

சரி, மானியம் ஒழுங்காக வேலை செய்தால் என்ன நடக்கும்? மேற்கு வர்ஜீனியாவுக்குப் போகலாம். 1890 சட்டத்தின் காரணமாக 1891இல் அங்கே பிறந்தது இன்றைய மேற்கு வர்ஜீனியா ஸ்டேட். 1930களில் அங்கே ஒரு சின்னப் பெண் கணக்குப் படித்தாள். கல்லூரியில் இருந்த கணக்குப் பாடங்களையெல்லாம் முடித்துவிட்டாள். கிளேட்டர் என்று ஒரு பேராசிரியர். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய மூன்றாவது கறுப்பின அமெரிக்கர். இடவியலில் பெரிய ஆளாக வந்திருக்க வேண்டியவர், நிறம் விடவில்லை. அவர் அந்த ஒரு பெண்ணுக்காக மட்டும் விண்வெளிப் பகுமுறை வடிவியலில் ஒரு பாடத்தை உருவாக்கி நடத்தினார். வகுப்பில் மொத்தம் ஒரு மாணவி. 1937இல் பதினெட்டு வயதில் பட்டம் பெற்ற அந்தப் பெண் கேத்தரின் ஜான்சன். 1962இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றக் கிளம்பும் முன், கம்ப்யூட்டர் போட்ட கணக்கை அந்தப் பெண் சரிபார்த்தால்தான் போவேன் என்று கேட்டுக்கொண்டது அவரைத்தான். ‘ஹிட்டன் ஃபிகர்ஸ்’ படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிளேட்டரின் ஒற்றை மாணவி வகுப்பு எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

இன்றைய எந்த மானிய அறிக்கையிலும் அந்த வகுப்பு தோற்றுப்போகும். பயனாளிகள் எண்ணிக்கை: 1.

1957இல் மேற்கு வர்ஜீனியாவின் கல்வி வாரியம் அந்தக் கல்லூரியின் நிலக்கொடைத் தகுதியை விட்டுக்கொடுத்தது. இனி இனக் கலப்பு வந்துவிட்டது, ஒரு மாநிலத்துக்கு ஒரு நிலக்கொடைக் கல்லூரி போதும் என்று, வெள்ளையர் கல்லூரியாக இருந்த மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கே எல்லாம் போனது. ஐந்து வருடம் கழித்து கேத்தரின் கிளெனின் பாதையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோது, அவரை உருவாக்கிய கல்லூரி அந்தப் பட்டியலிலேயே இல்லை. தகுதியைத் திரும்பப் பெற்றது 2001இல்.

இனி கொஞ்சம் கணக்கு வழக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் விஷயம் இங்கேதான் இருக்கிறது. நிலக்கொடைக் கல்லூரிகளின் ஆராய்ச்சிக்கும் விவசாய விரிவாக்கப் பணிக்கும் ஒன்றிய அரசு ஒரு டாலர் கொடுத்தால் மாநிலம் ஒரு டாலர் போட வேண்டும். மேட்சிங் என்பார்கள். 1862 குடும்பத்துக் கல்லூரிகளுக்கு இதில் விலக்கே கிடையாது. மாநிலம் போடாவிட்டால் ஒன்றியப் பணமும் போய்விடும், அதனால் எந்த மாநிலமும் போடாமல் இருப்பதில்லை. 1890 குடும்பத்துக்கு மட்டும் ஒரு சலுகை. மாநிலம் பாதி போட்டால் போதும், மீதிப் பாதிக்கு விலக்குக் கேட்டு கல்லூரி மனு கொடுக்கலாம். ஏழைக் கல்லூரி ஒன்றியப் பணத்தையும் இழந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் வைத்த சலுகையாகத்தான் அது தெரிகிறது. நடைமுறையில் அது மாநிலத்துக்குக் கிடைத்த விடுமுறை. நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களின் சங்கமே 2013இல் கணக்குப் பார்த்தது. 2010 முதல் 2012 வரை மூன்றே வருடத்தில் இந்தக் கல்லூரிகளுக்கு வராத மாநிலப் பங்கு 5.6 கோடி டாலருக்கும் மேல்.

கோட் எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு பக்கம் எர்ரர் வந்தால் புரோகிராம் நின்றுவிடும், அதனால் யாராவது சரிசெய்வார்கள். இன்னொரு பக்கம் எர்ரரை விழுங்கிவிட்டு மேலே ஓடும்படி எழுதியிருக்கிறது. அங்கே வருடக்கணக்கில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

டென்னசியில் இதைத் தோண்டியவர் ஹெரால்ட் லவ் ஜூனியர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அவருடைய அப்பாவும் அதே அவையில் உறுப்பினராக இருந்தவர், அதே கேள்வியை ஒரு தலைமுறைக்கு முன்பே எழுப்பியவர். மகன் தலைமையில் குழு அமைந்து, 2021இல் சட்டமன்றத்தின் சொந்த பட்ஜெட் அலுவலகமே கணக்கைக் கொடுத்தது. 1957 முதல் 2007 வரை டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாநிலம் போடாமல் விட்ட பங்கு 15 கோடி டாலர் முதல் 54 கோடி டாலர் வரை இருக்கலாம். கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பாருங்கள். எவ்வளவு கொடுக்கவில்லை என்று சரியாகச் சொல்லக்கூட முடியாத அளவுக்குக் கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள். அடுத்த வருடம் 25 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது, கட்டடங்களுக்கு.

மேரிலாந்தில் சண்டை வேறு மாதிரி. அங்கே பணத்தைவிடப் பாடத்திட்டம்தான் வழக்கு. கறுப்பினக் கல்லூரி ஒரு நல்ல படிப்பைத் தொடங்கி ஆள் சேர்க்க ஆரம்பித்ததும், பக்கத்திலிருந்த பெரும்பான்மை வெள்ளையர் கல்லூரி அதே படிப்பைத் தொடங்கும், மாநிலம் அனுமதி கொடுக்கும். பால்டிமோரின் மார்கன் ஸ்டேட் எம்.பி.ஏ. நடத்திக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த டவ்சனும் பால்டிமோர் பல்கலைக்கழகமும் சேர்ந்து இன்னொரு எம்.பி.ஏ. தொடங்கியது ஒரு உதாரணம். 2006இல் போட்ட வழக்கு 2021இல் 57.7 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது, பத்து வருடத்தில் நாலு கல்லூரிகளுக்கு. வழக்குப் போட்ட வருடம் முதலாண்டு படித்தவர்கள் அதற்குள் என் வயதைத் தாண்டியிருப்பார்கள்.

இப்போதுதான் நான் முதலில் எழுத நினைத்த இடத்துக்கு வருகிறேன். அறிவியல், பொறியியல் கல்விக்கென்றே தனியாகக் கொடுக்கப்பட்ட மானியங்கள். 1965 உயர்கல்விச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு ‘வளரும் கல்லூரிகளுக்கு’ உதவி என்று தொடங்கியது. வளரும் கல்லூரி! எழுபது எண்பது வருடமாக நடக்கிற கல்லூரிகள். அதே சட்டம்தான் 1964க்கு முன் கறுப்பினத்தவர் கல்விக்காக நிறுவப்பட்டவற்றை வரலாற்றுரீதியான கறுப்பினக் கல்லூரிகள் என்று வரையறுத்தது. இன்று அவை ஏறத்தாழ நூறு. அவற்றில் இளங்கலை அறிவியல் கல்வியை மேம்படுத்த தேசிய அறிவியல் அறக்கட்டளை 1998இல் தனித் திட்டம் தொடங்கியது. பிறகு பூர்வகுடிக் கல்லூரிகளுக்கு ஒன்று, ஹிஸ்பானிய மாணவர்கள் அதிகமுள்ள கல்லூரிகளுக்கு ஒன்று.

இந்தப் பணம் நன்றாகச் செலவாகும்போது எப்படி இருக்கும் என்று பார்க்க நியூ ஆர்லியன்ஸில் உள்ள சேவியர் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும். சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி, மூவாயிரம் மாணவர்கள்போல. 1970களில் அங்கே வேதியியல் சொல்லிக்கொடுத்த கார்மைக்கேலும் சக ஆசிரியர்களும் ஒரு முடிவெடுத்தார்கள். முதலாண்டு வேதியியலை மாணவர்களை வடிகட்டும் சல்லடையாக வைக்கப் போவதில்லை. எல்லா ஆசிரியர்களும் சேர்ந்து ஒரே பயிற்சிப் புத்தகத்தை எழுதினார்கள், அதை வைத்தே எல்லா வகுப்பும் நடந்தது. கல்லூரி தொடங்கும் முன் கோடைப் பயிற்சி. அதில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் கணக்கைப் போட்டபடியே தான் என்ன யோசிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் கேட்டுக்கொண்டே எங்கே தடுமாறுகிறார் என்று பிடிக்க வேண்டும். வேறொன்றும் இல்லை, இவ்வளவுதான். பல வருடங்களாக அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளுக்கு அதிகக் கறுப்பின மாணவர்களை அனுப்புவது ஹார்வர்டு இல்லை, சேவியர்.

எனக்கு எம்-3 அரியர் விழுந்த செமஸ்டரில், முதல் வகுப்பிலேயே “இதுல பாதிப் பேரு பாஸாக மாட்டீங்க” என்று ஆரம்பித்தார் எங்கள் சார். அவர் சொன்னது பலித்தது. வடிகட்டுவதை ஒரு தரச் சான்றிதழ் மாதிரி நினைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. கார்மைக்கேலைப் பற்றிப் படித்த பிறகுதான், பாதிப் பேர் தோற்றால் அது யாருடைய தோல்வி என்று நான் யோசிக்கவே ஆரம்பித்தேன்.

இந்த மாதிரி வேலைக்குக் கருவியைவிட ஆள்தான் வேண்டும். டியூட்டர், லேப் உதவியாளர், ஆசிரியர் புத்தகம் எழுதும் மாதங்களுக்குச் சம்பளம். ஆள் என்றால் தொடர்ந்து பணம் வேண்டும். மானியமோ மூன்று வருடம், ஐந்து வருடம். இந்த எல்லா வகைச் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும், பெரும்பகுதி அறிவியல் கல்விக்காக, 2007இல் ஒரு சட்டம் வருடத்துக்கு 25.5 கோடி டாலர் ஒதுக்கியது. இரண்டு வருடத்துக்கு மட்டும். பிறகு 2010இல் நீட்டித்தார்கள், 2019 வரை. 2019 செப்டம்பர் 30 அன்று காலாவதியாகிவிட்டது. டிசம்பரில்தான் நிரந்தரமாக்கினார்கள். ‘நிரந்தரம்’ என்ற சொல்லைப் பார்த்து நானும் நிம்மதியானேன். ஆனால் அதற்கு வெளியே இருந்த மானியங்களின் கதையை 2025 செப்டம்பர் காட்டியது. மாணவர்களின் இன விகிதத்தை வைத்துத் தகுதி தருவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்லி, ஹிஸ்பானியக் கல்லூரிகள் உள்ளிட்டவற்றுக்கான ஏறத்தாழ 35 கோடி டாலரைக் கல்வித்துறை நிறுத்தியது. சில நாளில் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் பூர்வகுடிக் கல்லூரிகளுக்கும் ஒரே ஒரு தடவைக்கான கூடுதல் தொகையாக 49.5 கோடி அறிவித்தது. ஒரு ஏழைப் பந்தியில் எடுத்த இலையை இன்னொரு ஏழைப் பந்தியில் போட்ட மாதிரி.

இன்னொரு பிரச்சினை, மானியம் கேட்கவே ஒரு பட்டாளம் வேண்டும். விண்ணப்பம் எழுத ஆள், கணக்கு ஒப்படைக்க ஆள், விதிமுறை பார்க்க ஆள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற ஒரே பல்கலைக்கழகம் ஒரு வருடத்தில் வாங்கும் ஒன்றிய ஆராய்ச்சிப் பணம், நூறு கறுப்பினக் கல்லூரிகளும் சேர்ந்து வாங்குவதைவிட அதிகம். ஒரு கூடுதல் பாடம் சேர்த்து எடுக்கும் பேராசிரியர் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதும் விண்ணப்பம், முழுநேர அலுவலகம் எழுதும் விண்ணப்பத்தோடு போட்டி போடுகிறது. 2020இல் மெக்கன்சி ஸ்காட் ஏ அண்ட் டி-க்கு 4.5 கோடி டாலர் கொடுத்தார். எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லாமல். அதுவரை அந்தக் கல்லூரிக்கு வந்த நன்கொடைகளிலேயே அது பெரிது. 130 வருடத்துக்குப் பிறகு கட்டம் இல்லாத பணம்.

2023 செப்டம்பரில் இரண்டு ஒன்றிய அமைச்சர்கள், கல்விக்கு மிகெல் கார்டோனா, விவசாயத்துக்கு டாம் வில்சாக், 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1987 முதல் 2020 வரை ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று 1862 கல்லூரிக்குக் கொடுத்ததை 1890 கல்லூரிக்கும் கொடுத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்ற கணக்கு. மொத்தம் 1,200 கோடி டாலருக்கும் மேல். டென்னசி ஸ்டேட்டுக்கு 210 கோடி. கிரீன்ஸ்பரோவின் ஏ அண்ட் டி-க்கு ஏறத்தாழ 200 கோடி. பார்த்த 18 மாநிலங்களில் ஒழுங்காகக் கொடுத்தவை டெலவேரும் ஒஹாயோவும் மட்டுமே. கணக்கிட்ட முறை சரியில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. கடிதத்துக்குச் சட்டப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது.

அந்த வருட இலையுதிர் காலத்தில், பழைய மாணவர்கள் கூடும் ஹோம்கமிங் வாரத்தில், அவர் என்னைக் கிரீன்ஸ்பரோவுக்கு அழைத்துப்போனார். எங்கே பார்த்தாலும் நீலமும் தங்கமும், டிரம் சத்தம், கறி வாட்டும் புகை. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்த மாதிரி இருந்தது. வளாகத்தில் நாலு இளைஞர்களின் வெண்கலச் சிலை இருக்கிறது. 1960 பிப்ரவரி 1 அன்று ஊரின் உல்வொர்த் கடையில் வெள்ளையருக்கான சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்து எழ மறுத்தவர்கள். நாலு பேரும் இந்தக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள். அந்தக் கடை இப்போது அருங்காட்சியகம்.

பிறகு பொறியியல் கட்டடம். மெக்நேர் ஹால். ரொனால்ட் மெக்நேர் இங்கே 1971இல் இயற்பியல் முடித்து, எம்.ஐ.டி.யில் லேசரில் முனைவர் பட்டம் வாங்கி, விண்வெளிக்குப் போய், 1986இல் சேலஞ்சர் வெடித்தபோது இறந்தவர். ஒன்பது வயதில் தெற்குக் கரோலினாவில் தன் ஊர் நூலகத்தில் புத்தகம் கேட்டதற்கு, கறுப்பினத்தவருக்குக் கொடுப்பதில்லை என்று நூலகர் போலீஸைக் கூப்பிட்டார். புத்தகம் இல்லாமல் போக மாட்டேன் என்று பையன் மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான், கடைசியில் வாங்கிக்கொண்டுதான் போனான். அவர் இறந்தபின் அவர் பெயரில் காங்கிரஸ் ஒரு மானியத் திட்டம் தொடங்கியது. குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்த வறிய மாணவர்களையும், ஆய்வுப் படிப்பில் குறைவாக இருக்கும் இனத்தவரையும் முனைவர் பட்டம் வரை கொண்டுபோவதற்கு.

அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்றபோது என் தாசில்தார் சான்றிதழ் ஞாபகம் வந்தது. ‘முதல் பட்டதாரி’. அதில்தான் என் கட்டணம் குறைந்தது, நான் பொறியாளர் ஆனேன். இரண்டு வருடம் கழித்து என் தங்கச்சியும் பொறியியல் சேர்ந்தாள். அவளுக்கு அது கிடையாது. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அப்பா என்னிடம் எதுவும் சொன்னதில்லை, மாட்டை விற்றார்.

இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நான் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். 200 கோடி டாலர், படித்தீர்களா என்று.

“படிச்சேன். யாருக்கு எழுதியிருந்தாங்க?”

“ஆளுநருக்கு.”

“அதானே” என்றார். உள்ளே ஏதோ லேபில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை, ஊரே திருவிழாவில் இருக்கும்போது யாரோ ஒரு பையன் மேசை மேல் குனிந்து சால்டரிங் செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் ஆஸிலாஸ்கோப், கவர் இல்லாமல், அலை ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியில் தட்டினார். பையன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.